குழந்தையின் வளர்ச்சித் தாமதத்தை எப்படி மதிப்பிடுகிறார்கள்?

ஒன்றரை வயதுத் தடுப்பூசிக்காகத் தருமபுரி மாவட்டத்தின் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திற்குப் பிள்ளையைத் தூக்கிச் சென்றாலும், அங்கே காத்திருக்கும் தாய்மார்களின் மனத்தில் ஓர் ஒப்பீடு தானாகவே நடந்துவிடும். ஒரு பிள்ளை வாசற்படியில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். இன்னொன்று அம்மாவின் இடுப்பை விட்டு இறங்காது. மூன்றாவது, "காக்கா எங்கே" என்று கேட்டால் விரலை நீட்டிக் காட்டும். இடுப்பை விட்டு இறங்காத பிள்ளையின் தாய்க்கு அன்றிரவு உறக்கம் வராது. வீட்டில் சொன்னாலோ, "அவங்கப்பனும் ரெண்டு வயசுலதான் நடந்தான், நீ சும்மா இரு" என்று ஆயா, அதாவது பாட்டி, முடித்துவிடுவார். தாயின் அச்சமும் ஆயாவின் ஆறுதலும் எதிரெதிரானவை போலத் தோன்றினாலும் இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான். இருவருமே ஒரே ஒரு திறனையும், அது வரவேண்டிய ஒரே ஒரு வயதையும் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். வளர்ச்சியை மதிப்பிடும் பயிற்சி பெற்றவர்கள் அப்படிப் பார்ப்பதில்லை. குழந்தை எந்தெந்தத் துறையில் எங்கே நிற்கிறது, வயதுக்கு எவ்வளவு பின்தங்கியிருக்கிறது, சென்ற முறை பார்த்ததிலிருந்து எந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது என்ற மூன்றையும் சேர்த்துப் பார்ப்பதற்கே மதிப்பீடு என்று பெயர்.

இங்கே வளர்ச்சி என்பது எடையும் உயரமும் கூடுவதைக் குறிப்பதன்று. அங்கன்வாடியில் எடை பார்த்துக் குறிக்கும் கோடு நன்றாக ஏறிக்கொண்டிருக்கும் குழந்தைக்குப் பேச்சில் தாமதம் இருக்கலாம். மெலிந்த குழந்தை எல்லாத் திறன்களிலும் வயதுக்கேற்ப இருக்கலாம். குழந்தை என்னென்ன செய்கிறது என்பதே இங்கே கேள்வி. தலை நிற்பது, குப்புற விழுவது, உட்கார்வது, நடப்பது ஆகியவை பெருந்தசை இயக்கத்தைச் சேர்ந்தவை. பொம்மையைக் கைமாற்றுவது, தரையில் கிடக்கும் பொரியைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பொறுக்குவது, கிறுக்குவது ஆகியவை நுண்தசை இயக்கம். மொழியில் இரண்டு பாதிகள் உண்டு. பிறர் சொல்வதைப் புரிந்துகொள்வது ஒன்று, தான் சொல்ல நினைப்பதை வெளிப்படுத்துவது மற்றொன்று. ஒளித்துவைத்த பொருளைத் தேடுவது, கிண்ணத்துக்குள் கிண்ணத்தை அடுக்குவது போன்றவை அறிதல் திறன். முகம் பார்த்துச் சிரிப்பது, வேற்றாளைக் கண்டு அழுவது, பிறகு தானே சோறு எடுத்து உண்பது, சட்டையைக் கழற்றுவது ஆகியன சமூக உணர்வும் தன்வேலைத் திறனும் ஆகும்.

பெற்றோர் பெரும்பாலும் நடையையும் பேச்சையும் மட்டுமே கவனிக்கிறார்கள், ஏனெனில் அவைதான் கண்ணுக்கும் காதுக்கும் வெளிப்படையாகத் தெரிகின்றன. ஆனால் ஓசையில்லாமல் வரும் சில திறன்களுக்கு மதிப்பீட்டில் அதிக எடை உண்டு. ஒரு வயதையொட்டித் தோன்றும் விரல் நீட்டிக் காட்டுதல் அவற்றுள் முதன்மையானது. அதிலும் இரண்டு வகை இருக்கின்றன. பரண்மேல் இருக்கும் பிஸ்கட் டப்பாவைக் காட்டுவது, தனக்கு அது வேண்டும் என்பதற்காக. தெருவில் போகும் மாட்டைக் காட்டிவிட்டு அம்மாவின் முகத்தைத் திரும்பிப் பார்ப்பது, தான் கண்டதை அவளும் காண வேண்டும் என்பதற்காக. முதல் வகை மட்டும் வந்து இரண்டாவது வராமலே ஒன்றரை வயது கடந்தால், அக்குழந்தை பத்துச் சொற்கள் பேசினாலும் பிறரோடு உறவாடுவதையும் கருத்துப் பரிமாறுவதையும் பாதிக்கும் வளர்ச்சிக் குறைபாடான ஆட்டிசத்தை நினைவில் வைத்துக்கொண்டு மருத்துவர் மேலும் பார்ப்பார். சொற்களை எண்ணும் பெற்றோரிடம் இந்த விரலைப் பற்றி ஒருவரும் சொல்வதில்லை என்பது பெருங்குறை என்றே எனக்குத் தோன்றுகிறது.

எந்த வயதில் எது?

ஒரு திறனுக்கு ஒரே தேதி கிடையாது, ஒரு கால வீச்சு உண்டு. இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் நலமாக வளர்ந்த குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, ஆறு பெருந்தசைத் திறன்களுக்கான வீச்சை உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்டது. அதன்படி, பிடிமானமின்றி உட்கார்வது 3.8 மாதம் முதல் 9.2 மாதம் வரை எப்போது வேண்டுமானாலும் வரலாம். தனியாக நடப்பது 8.2 மாதம் முதல் 17.6 மாதம் வரை வரலாம். ஒன்பது மாதத்தில் நடந்த குழந்தையும் பதினேழாம் மாதத்தில் நடந்த குழந்தையும் ஒரே இயல்பு வீச்சுக்குள் அடங்குபவை. அதே ஆய்வில் நூற்றுக்கு 4.3 குழந்தைகள் கையும் முழங்காலும் ஊன்றித் தவழாமலே நின்று நடந்துவிட்டன. ஆகவே, "ஒரு வயசுக்கு நடந்தாகணும்" என்று ஊரில் சொல்லப்படுவது நடுக்கணக்கே அன்றி எல்லைக்கோடு அன்று. எல்லைக்கோடு என்று வேண்டுமானால் பதினெட்டு மாதத்தைச் சொல்லலாம். அதற்குள் தனியாக நடக்காத குழந்தையைக் கட்டாயம் பரிசோதிக்க வேண்டும். அப்பன் எப்போது நடந்தான் என்பது மருத்துவருக்குச் சொல்ல வேண்டிய செய்திதான், ஆனால் பரிசோதனையைத் தள்ளிப்போடுவதற்கு அது காரணமாகாது.

பட்டியல்களைப் படிக்கும்போது அவற்றின் கணக்கையும் தெரிந்துகொள்வது நல்லது. சில பட்டியல்களில் இருப்பது பாதிக் குழந்தைகள் ஒரு திறனை எட்டும் வயது. இயல்பான குழந்தைகளிலும் மறுபாதி அப்போது அதை எட்டியிருக்காது. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2022இல் தன் பட்டியலைத் திருத்தி, நூற்றுக்கு எழுபத்தைந்து குழந்தைகளாவது எட்டியிருக்கும் வயதையே குறிப்பதென்று மாற்றிக்கொண்டது. ஒரே திறனுக்கு இணையத்தில் மூன்று வெவ்வேறு மாதங்கள் கிடைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

குழந்தையின் திறன்களை மாதவாரியாகக் கவனித்து வைக்கும் பழக்கம் தமிழுக்குப் புதிதன்று. பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுக்கு மூன்றாம் மாதம் தொடங்கி இருபத்தொன்றாம் மாதம் வரை ஒற்றைப்படை மாதங்களைச் சொல்வது மரபு. தலையை நிமிர்த்தி உடலை அசைக்கும் செங்கீரை ஐந்தாம் மாதம், கைகொட்டும் சப்பாணி ஒன்பதாம் மாதம், தளர்நடையிட்டு வரும் வாரானை பதின்மூன்றாம் மாதம், நிலவைக் காட்டி விளையாட அழைக்கும் அம்புலி பதினைந்தாம் மாதம். இன்றைய மருத்துவப் பட்டியலை அருகில் வைத்துப் பார்த்தால், கைகொட்டுவதும் நடப்பதும் சுட்டிய பொருளைப் பார்ப்பதும் ஏறத்தாழ அதே காலத்தில்தான் வருகின்றன. புலவர்கள் மருத்துவம் எழுத உட்கார்ந்தவர்கள் அல்லர். என்றாலும் வீட்டில் குழந்தையைக் கூர்ந்து பார்த்தவர்களின் அறிவு அந்த வரிசையில் தங்கியிருக்கிறது.

வயதைக் கணக்கிடுவதே மதிப்பீட்டின் முதல் வேலை, அதில் பிழை நேர்ந்தால் அடுத்தவை எல்லாம் பிழையாகும். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு, நாற்பது வாரத்திற்கு எத்தனை வாரம் முன்னதாகப் பிறந்ததோ அத்தனை வாரத்தை வயதிலிருந்து கழிக்க வேண்டும். முப்பத்திரண்டாவது வாரத்தில் பிறந்து இன்று ஆறு மாதம் நிறைந்த குழந்தையிடம், எட்டு வாரத்தைக் கழித்து, நான்கு மாதக் குழந்தையின் திறன்களையே எதிர்பார்க்க வேண்டும். இதற்குத் திருத்திய வயது என்று பெயர். இரண்டு வயது வரை இப்படிக் கழிப்பது வழக்கம். இதைச் செய்யாமல் விட்டதனால் வீணாகப் பயந்துபோகும் குடும்பங்கள் இருப்பதைப் போலவே, "குறைமாசப் பிள்ளைதானே, மெதுவாத்தான் வரும்" என்று இரண்டு வயதுக்குப் பிறகும் காத்திருந்து காலத்தை இழக்கும் குடும்பங்களும் இருக்கின்றன.

எந்தத் திறன் எப்போது வந்தது என்று கேட்டால் மாதக் கணக்கில் விடை சொல்பவர்கள் குறைவு. அனுபவமுள்ளவர்கள் அப்படிக் கேட்பதும் இல்லை. ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல் போனபோது உட்கார்ந்ததா, பொங்கலுக்குப் பின் எருது விடும் விழா நடந்த சமயத்தில் நின்றதா, ஊர் மாரியம்மன் பண்டிகையில் யார் கையையாவது பிடித்து நடந்ததா என்று கேட்டால், விடை தெளிவாக வரும். கைபேசியில் உள்ள பழைய காணொளிகளுக்குத் தேதி இருப்பதால் அவை இன்னும் நம்பகமான சான்று. பெங்களூருவுக்கோ திருப்பூருக்கோ வேலைக்குப் போன பெற்றோர் பிள்ளையை ஊரில் ஆயாவிடம் விட்டுவைத்திருக்கும் வீடுகளில், அன்றாடம் பிள்ளையைப் பார்ப்பவர் யாரோ அவரையே மருத்துவமனைக்கு அழைத்துவர வேண்டும். விடுமுறைக்கு வந்த அப்பா மட்டும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தால், கேள்விகளில் பாதிக்கு விடை கிடைக்காது.

தாமதம் ஒரே வகையானதன்று

திறன்கள் முறையான வரிசையிலேயே, ஆனால் மெதுவாக வருவது ஒரு வகை. இரண்டு வயதுக் குழந்தை எல்லாத் துறைகளிலும் பதினைந்து மாதக் குழந்தையைப் போல இருந்தால், அது இந்த வகை. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட துறைகளில் கணிசமாகப் பின்தங்கியிருந்தால், அதை ஒட்டுமொத்த வளர்ச்சித் தாமதம் என்கிறார்கள்.

ஒரு துறை மட்டும் தனித்துப் பின்தங்குவது வேறு வகை, அது மருத்துவருக்குத் திசைகாட்டுவதும் உண்டு. ஓடியாடி விளையாடும், புதிர்ப் பலகையை நொடியில் அடுக்கும் பிள்ளை பேச மட்டும் இல்லையென்றால், முதலில் காதைப் பார்க்க வேண்டும். பேச்சும் புரிதலும் நன்றாக இருந்து நடை மட்டும் தாமதமானால், தசையிலும் நரம்பிலும் காரணம் தேட வேண்டும். நடக்கத் தாமதிக்கும், தரையிலிருந்து எழும்போது தொடையில் கையூன்றி ஏறும் ஆண் பிள்ளைக்குத் தசை சிதையும் நோய் இருக்கிறதா என்றறிய, தசைநொதியை அளக்கும் எளிய இரத்தப் பரிசோதனை ஒன்றைச் செய்யத் தவறக் கூடாது. புளோரைடு கலந்த நிலத்தடி நீர் இப்பகுதியின் பழைய துன்பம் என்பதால், நடக்காத பிள்ளைக்கும் "தண்ணிதான் காரணம்" என்று சொல்லிவிடுவோர் உண்டு. அந்நீரால் எலும்பில் வரும் பாதிப்பு ஆண்டுக்கணக்கில் குடிப்பதால் சேர்ந்து வருவது. ஒன்றரை வயதுப் பிள்ளையின் தாமதத்தை அதன் தலையில் கட்டிவிட்டு உண்மையான காரணத்தைத் தேடாமல் விடலாகாது.

வரிசையே மாறி வருவது மூன்றாவது வகை. அம்மா என்று கூப்பிடாத, பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாத குழந்தை, கைபேசியில் கேட்ட ஆங்கிலப் பாட்டை முழுவதும் ஒப்பிக்கிறது என்றால், பெற்றோர் அதைப் புத்திசாலித்தனம் என்று மகிழலாம். மதிப்பிடுபவர் அதைத் தாமதத்தைவிடக் கூடுதலாகக் கவனிக்க வேண்டிய குறியாகக் கொள்வார். ஒரு வயதுக்குள்ளேயே ஒரு கையை மட்டும் அழுத்தமாகப் பயன்படுத்துவதும் இப்படிப்பட்டதே. வலக்கை, இடக்கைப் பழக்கம் அவ்வளவு சீக்கிரம் உறுதிப்படுவதில்லை. அதனால் பயன்படுத்தாத மறுகையில் வலுக்குறைவு இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

நான்காவதாக, வந்த திறன் போய்விடுவது. பேசிய சொற்களை நிறுத்திவிட்ட குழந்தை, உட்கார்ந்துகொண்டிருந்து இப்போது சாயும் குழந்தை ஆகியோருக்கு எந்த வயதானாலும் காத்திருப்பு என்ற பேச்சே இல்லை. அந்த வாரத்திலேயே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

திறன் இழப்பைத் தவிர வேறு சில நிலைகளிலும் அடுத்த தடுப்பூசி நாள் வரை பொறுத்திருக்கக் கூடாது. மூன்று மாதமாகியும் முகம் பார்த்துச் சிரிக்காமல் இருப்பது, ஐந்து மாதமாகியும் தலை நிற்காதது, பத்து மாதமாகியும் பிடிமானமின்றி உட்காராதது, ஒரு வயதாகியும் மழலை ஒலியோ டாட்டா காட்டுதல் போன்ற சைகையோ இல்லாதது, பதினாறு மாதமாகியும் பொருளுள்ள ஒரு சொல் வராதது, இரண்டு வயதாகியும் "அம்மா வா", "பால் வேணும்" என்று இரு சொற்களைத் தானாகச் சேர்க்காதது ஆகியவை அவை. இவற்றுள் ஒன்று இருப்பதனாலேயே நோய் இருக்கிறது என்று பொருளாகாது. தேர்ந்தவர் பார்க்க வேண்டிய குழந்தை என்பது மட்டுமே பொருள்.

சலிப்பதும் சோதிப்பதும்

அங்கன்வாடியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் நடக்கும் முதற்கட்டப் பரிசோதனை ஒரு சல்லடையைப் போன்றது. கூர்ந்து பார்க்க வேண்டிய பிள்ளைகளைப் பிரித்தெடுத்துத் தருவதோடு அதன் வேலை முடிந்தது. பிரிக்கப்பட்ட பிள்ளைக்கு என்ன என்பதை அது சொல்லாது. மதிப்பீட்டைப் பற்றிய குழப்பங்களில் பெரும்பகுதி இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணுவதால் வருகிறது. அங்கன்வாடியில் குறிப்பெழுதிக் கொடுத்தவுடனேயே பிள்ளைக்கு ஆட்டிசம் என்று ஊரில் பேச்சாகிவிடுவதும், அந்தப் பேச்சுக்கு அஞ்சியே அடுத்த கட்டத்திற்குப் போகாமலிருப்பதும் அதன் விளைவு.

இந்தச் சல்லடைகளில் தென்னிந்தியாவிலேயே உருவானது திருவனந்தபுரம் வளர்ச்சிப் பரிசோதனை அட்டவணை. பிறப்பு முதல் இரண்டு வயது வரைக்கும் பதினேழே செயல்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே அது வரக்கூடிய கால வீச்சு ஒரு பட்டையாக வரையப்பட்டிருக்கும். குழந்தையின் வயதில் மேலிருந்து கீழாக ஒரு பென்சிலை வைத்து, அதற்கு இடப்பக்கமாக முடிந்துவிட்ட பட்டைகளில் உள்ள செயல்கள் அனைத்தையும் குழந்தை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். ஏதேனும் ஒன்றைச் செய்யாவிட்டால் மேல்மதிப்பீட்டுக்கு அனுப்ப வேண்டும். சில நிமிட வேலைதான். பயிற்சி பெற்ற களப்பணியாளரே செய்யலாம். ஆட்டிசத்திற்கென்று பதினாறு முதல் முப்பது மாதப் பிள்ளைகளின் பெற்றோரிடம் கேட்கப்படும் இருபது கேள்விகள் கொண்ட எம்-சாட் என்ற பட்டியல் தனியே இருக்கிறது. அதில் இடைநிலை மதிப்பெண் வந்தால், ஐயத்துக்குரிய விடை வந்த கேள்விகளைப் பெற்றோரிடம் எடுத்துக்காட்டுகளோடு மீண்டும் விரிவாகக் கேட்டபின்தான் முடிவெடுக்க வேண்டும். இணையத்தில் தாமாகவே அதை நிரப்பிப் பார்த்துவிட்டுக் கலங்குபவர்களுக்கு இந்த இரண்டாம் கட்டம் இருப்பது தெரிவதில்லை.

முழு மதிப்பீடு என்பது இதிலிருந்து வேறுபட்டது. ஒரே அமர்வில் முடியாமலும் போகலாம். கருவுற்ற காலத்தில் தாய்க்கு வந்த நோய்கள், பிரசவம் நீண்டதா, பிறந்தவுடன் அழுததா, பிறந்த எடை, மஞ்சள் காமாலைக்கு ஒளிச்சிகிச்சை தரப்பட்டதா, வலிப்பு வந்ததுண்டா என்று கேட்பார்கள். பெற்றோர் உறவில் மணந்தவர்களா என்பதும் கேட்கப்படும். அத்தை மகன், தாய்மாமன் என்று மணப்பது இங்கே வழக்கம் என்பதால் இக்கேள்வியைச் சிலர் குற்றச்சாட்டாக எடுத்துக்கொள்கிறார்கள். பிறவிக் காதுகேளாமையும், உடலின் வேதிவினைகள் பிசகும் சில வளர்சிதைமாற்றக் குறைபாடுகளும் உறவுமணக் குடும்பங்களில் கூடுதலாக வருவதனால், எந்தப் பரிசோதனையை முதலில் செய்வது என்று முடிவெடுக்கவே அது கேட்கப்படுகிறது. பிறகு தலைச் சுற்றளவு, முகத்தின் அமைப்பு, தோலில் உள்ள புள்ளிகள், தசை இறுக்கமாக இருக்கிறதா தளர்ந்திருக்கிறதா என்பவற்றைப் பார்ப்பார்கள். தைராய்டு குறைபாடும் இரும்புச்சத்துக் குறைவும் மருந்தால் திருத்தக்கவை என்பதால், இரத்தப் பரிசோதனையில் அவற்றை விட்டுவிடுவதில்லை.

பேச்சுத் தாமதத்தோடு வரும் எந்தக் குழந்தைக்கும் செவித்திறன் பரிசோதனை முதலில் நடக்க வேண்டும் என்பதில் விதிவிலக்கே கிடையாது. "கதவு சாத்தினா திரும்பறானே, காது நல்லாத்தான் கேக்குது" என்பது பெற்றோர் சொல்லும் வழக்கமான பதில். ஓரளவு செவிக்குறைபாடுள்ள பிள்ளையும் கதவுச் சத்தத்திற்குத் திரும்பும். ச, ப, த என்ற ஒலிகளுக்கிடையே உள்ள வேறுபாடு அதற்குக் கேட்காமல் இருக்கலாம். காதுக்குள் சிறு கருவியை வைத்து எதிரொலியை அளக்கும் ஓ.ஏ.இ. பரிசோதனையும், குழந்தை உறங்கும்போது நரம்பின் மின்னலைகளைப் பதிவு செய்யும் பெரா பரிசோதனையும் வலியற்றவை. குழந்தையின் ஒத்துழைப்பும் அவற்றுக்குத் தேவையில்லை.

அதற்குப் பின் உளவியலாளர், இந்தியக் குழந்தைகளுக்கென்று வகுக்கப்பட்ட டாசி போன்ற அளவுகோல்களைக் கொண்டு சோதிப்பார். முப்பது மாதம் வரையிலான பிள்ளைகளுக்குரிய அந்த அளவுகோலில் 67 இயக்கச் செயல்களும் 163 அறிதல் செயல்களும் இருக்கின்றன. சிவப்பு வளையம், மணி, கட்டைகள், கிண்ணம் ஆகியவற்றைக் கொடுத்துக் குழந்தை என்ன செய்கிறது என்று பார்ப்பதே அதன் முறை. பார்ப்பவருக்கு வெறும் விளையாட்டாகத்தான் தோன்றும். கிடைக்கும் விடையை வளர்ச்சி வயது என்பார்கள். வளர்ச்சி வயதைப் பிறந்த கணக்கிலான வயதால் வகுத்து நூறால் பெருக்கினால் வளர்ச்சி ஈவு கிடைக்கும். இருபத்து நான்கு மாதக் குழந்தையின் செயல்கள் பதினைந்து மாதத்திற்கு ஒத்திருந்தால் ஈவு 62.5, எழுபதுக்குக் கீழே இருப்பது குறிப்பிடத்தக்க தாமதமாகக் கொள்ளப்படுகிறது. மொத்த எண்ணைவிட, இயக்கத்திற்கும் அறிதலுக்கும் தனித்தனியே வந்த எண்களைக் கேட்டு வாங்குங்கள். மேலே சொன்ன வகைகளுள் எது என்பதற்கான குறிப்பு அவற்றுக்கிடையே உள்ள இடைவெளியில்தான் இருக்கிறது. இந்த ஈவை நுண்ணறிவு ஈவு என்று எண்ணிவிடக் கூடாது. அன்றைய நிலையை மட்டுமே அது சொல்கிறது. பசியோடும் காய்ச்சலோடும் பேருந்தில் இரண்டு மணி நேரம் வந்து இறங்கிய பிள்ளையிடம் வாங்கிய எண் அன்றைய நிலையைக்கூடச் சரியாகச் சொல்லாது.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கே உரிய சில சிக்கல்கள்

ஓசூரிலும் தேன்கனிக்கோட்டையிலும் தளியிலும் பல வீடுகளில் தெலுங்கோ கன்னடமோ உருதுவோ பேச்சுமொழி, தெருவில் தமிழ், தொழிற்சாலைகளுக்கு வந்து குடியேறியவர்களின் வீடுகளில் இந்தியோ ஒடியாவோ இருக்கும். அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளையிடம் தமிழ்ச் சொற்களை மட்டும் எண்ணினால், இல்லாத தாமதம் இருப்பதாகத் தெரியும். எல்லா மொழிகளிலும் உள்ள சொற்களைச் சேர்த்தே எண்ண வேண்டும். தமிழில் சொல்லும் தண்ணீருக்கு ஒன்றும் அதையே தெலுங்கில் சொல்லும் நீளுக்கு ஒன்றும் தனித்தனிக் கணக்கு. கேள்விகளையும் கட்டளைகளையும் வீட்டு மொழியில் தாயே சொல்லும்படி செய்து, பிள்ளை என்ன செய்கிறது என்பதை மதிப்பிடுபவர் பார்க்க வேண்டும். இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாகும் என்ற எண்ணம் ஆசிரியர்களிடமும் சில மருத்துவர்களிடமும்கூட இருக்கிறது. அதற்கு ஆதாரம் இல்லை. தாமதமுள்ள இருமொழிப் பிள்ளைக்குத் தாமதம் இரண்டு மொழியிலும் தெரியும். வீட்டு மொழியை நிறுத்தச் சொல்வது, பிள்ளையிடம் மனம்விட்டுப் பேசக்கூடிய ஒரே ஆளான ஆயாவின் வாயை அடைப்பதில் போய் முடியும்.

வசம்பைச் சுட்டு நாக்கில் தடவினால் பேச்சு வரும் என்ற நம்பிக்கை இன்னும் இருக்கிறது. அது பேச்சைக் கொண்டுவராது. குழந்தைக்கு உள்ளே கொடுக்கத்தக்க பொருளும் அன்று. நாக்கின் அடியில் உள்ள சவ்வு ஒட்டியிருப்பது சில ஒலிகளின் உச்சரிப்பைப் பாதிக்கலாம். பேச்சே வராமல் இருப்பதற்கு அது காரணமாவதில்லை. உட்காரவைத்து ஓட்டும் வாக்கர் வண்டி நடையை விரைவுபடுத்தாது, ஆபத்தும் உண்டு. கனடா 2004இல் அதன் விற்பனையையே தடை செய்தது. பிள்ளை தானே எழுந்து நின்று தள்ளும் மர நடைவண்டியை இதோடு சேர்க்க வேண்டாம். கைபேசியைப் பொறுத்தவரை, இரண்டு வயது நிறையாத குழந்தைக்குத் திரையே வேண்டாம், இரண்டு வயதில் ஒரு மணி நேரத்திற்கு மேல் வேண்டாம் என்பது 2019இல் உலக சுகாதார நிறுவனம் தந்த அறிவுரை. திரையை நிறுத்திப் பார்ப்பது நல்லதே, ஆனால் "போனை நிறுத்திவிட்டு ஆறு மாதம் பொறுத்துப் பார்ப்போம்" என்று மதிப்பீட்டைத் தள்ளிப்போடுவது சரியன்று. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யலாம்.

எங்கே தொடங்குவது என்று கேட்டால், தாய் சேய் நல அட்டையோடு கிராம சுகாதார செவிலியரிடமோ அங்கன்வாடிப் பணியாளரிடமோ தொடங்கலாம். 2013இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின்படி, நடமாடும் மருத்துவக் குழு ஒவ்வோர் அங்கன்வாடிக்கும் ஆண்டுக்கு இரண்டு முறையும் பள்ளிக்கு ஒரு முறையும் வர வேண்டும். பிறவிக் குறைபாடு, நோய், சத்துக்குறைவு, வளர்ச்சித் தாமதம் ஆகிய நான்கையும் அக்குழு பார்க்கும். தேர்ந்தெடுக்கப்பட்ட குழந்தைகளை அனுப்புவதற்கென்று மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையம் என்ற அமைப்பு அத்திட்டத்தில் வகுக்கப்பட்டிருக்கிறது. குழந்தை மருத்துவர், இயன்முறை மருத்துவர், செவி மற்றும் பேச்சுப் பயிற்சியாளர், உளவியலாளர், கண் பரிசோதகர், சிறப்பாசிரியர் ஆகியோர் ஒரே கூரையின்கீழ் இருப்பது அதன் நோக்கம். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் கேட்டால் வழிகாட்டுவார்கள். சித்தேரி, வத்தல்மலை, அஞ்செட்டிப் பக்கத்து மலையூர்களில் இருப்பவர்களுக்கு மாதத்தில் பலமுறை நகரத்திற்கு வருவது கூலியை இழப்பதாகும். அவர்கள் வட்டார வள மையத்தில் பள்ளிக் கல்வித் துறையின் சிறப்பாசிரியரும் இயன்முறை மருத்துவரும் எந்த நாளில் இருக்கிறார்கள் என்று விசாரித்து, பயிற்சியை அங்கே தொடர முடியுமா என்று முதல் சந்திப்பிலேயே கேட்டுவைப்பது நல்லது.

பயிற்சியைத் தொடங்க நோயின் பெயர் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தாமதம் உறுதியான அன்றே பேச்சுப் பயிற்சியோ இயன்முறைப் பயிற்சியோ தொடங்கலாம். காரணத்தைத் தேடும் பரிசோதனைகள் பக்கவாட்டில் நடந்துகொண்டிருக்கட்டும். மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கான விதிகளும் இதே எச்சரிக்கையோடுதான் அமைந்திருக்கின்றன. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு அறிவுசார் குறைபாடு என்று எழுதாமல், ஒட்டுமொத்த வளர்ச்சித் தாமதம் என்று தற்காலிகச் சான்றே தருகிறார்கள். ஐந்து வயதுக்குப் பின் மீண்டும் மதிப்பிட்டே அடுத்த முடிவு. சான்று வாங்கினால் பிள்ளையின் எதிர்காலம் முத்திரை குத்தப்பட்டுவிடும் என்று அஞ்சி, கிடைக்கக்கூடிய உதவித்தொகையையும் பேருந்துச் சலுகையையும் விட்டுவிடுபவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதல் மதிப்பீட்டுக்குப் போகும்போது பிரசவ மருத்துவமனையின் சீட்டு, தாய் சேய் நல அட்டை, பழைய பரிசோதனை முடிவுகள், வீட்டில் இயல்பாக விளையாடும்போது எடுத்த சில நிமிடக் காணொளி, பிள்ளைக்குப் பழக்கமான ஒரு பொம்மை ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். புது இடத்தில் வாய் திறக்காத பிள்ளையைப் பற்றி அந்தக் காணொளி நிறையச் சொல்லும். பிள்ளை உறங்கி எழுந்து, உண்டபின் இருக்கும் நேரமாகப் பார்த்து நேரம் கேளுங்கள். எழுத்தில் அறிக்கை வாங்கி, அதில் ஒவ்வொரு துறைக்கும் உரிய வளர்ச்சி வயது தனித்தனியே குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். மூன்று முதல் ஆறு மாதத்திற்குள் மறுமதிப்பீட்டுக்கு ஒரு நாளையும் குறித்து வாங்கிக்கொள்ளுங்கள். பயிற்சி பலன் தருகிறதா, பிள்ளை எந்த வேகத்தில் முன்னேறுகிறது என்பது இரண்டாவது அறிக்கையை முதலாவதோடு ஒப்பிட்ட பிறகுதான் தெரியவரும்.